கரைக்காத உப்பு

முடிச்சை அந்த மேசைமேல் வையுங்கள். தம்ளரை அதன் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி. துண்டறிக்கைக் கட்டு இருக்கிறது, நனைந்தால் திரும்ப அச்சடித்துத் தர எவனும் இல்லை. ம், அப்படி. இப்போது உட்காருங்கள், கோயில்ராஜ். காப்பி தர முடியாது. இந்தத் தெருவில் குழாய் திறந்து மூன்று நாளாகிறது.

நீங்கள் வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சரியா என்று பாருங்கள். கோரிக்கையைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வது என் பழக்கம். நாற்பத்தாறு வருடப் பழக்கம்.

பவளம் உப்பளத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தாயிற்று. உங்கள் செயலாளர் அமுதக்கனி கம்பெனியிடம் பேசி வாங்கிய தொட்டி. வயதில் சின்னவர்கள் எல்லோரும் குடிக்கிறார்கள். பழைய பெண்கள் நாற்பத்து மூன்று பேர் மட்டும் அதைத் தொடமாட்டோம் என்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் உப்பைக் கையில் அள்ளி என் முன்னால் சத்தியம் செய்தவர்கள். சத்தியம் வாங்கியவன் தன் கையாலேயே, முதல் ஆள் அள்ளிய உப்பை எல்லோர் பேராலும் தண்ணீரில் கரைத்துவிட்டால் சத்தியம் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகத்தான் இந்த முடிச்சு, இந்தத் தம்ளர். நேற்று அவர்களில் பேச்சித்தாய் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், டாக்டர் இரண்டு கிட்னியும் கெட்டுக்கொண்டு வருகிறது என்கிறார். அங்கேயும் கம்பெனித் தொட்டித் தண்ணீரா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். நான் உப்பைக் கரைக்க வேண்டும். இவ்வளவுதானே?

ஒரு நிமிட வேலை என்றீர்கள். ஒரு நிமிட வேலைக்கு ஏன் பதினோரு வருடம் ஆயிற்று என்று உங்கள் செயலாளர் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். நீங்கள் அப்போது இங்கே இல்லை, கொல்லத்தில் படகில் இருந்தீர்கள். கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு செய்வோம்.

நான் வரும்போது அது சங்கமே இல்லை. உப்பளத் தொழிலாளர் உதவிக் கூட்டம் என்று ஒரு தகரப் பலகை. ஆள் செத்தால் மாலை வாங்கிப் போடுவார்கள். பிள்ளை பெற்றால் கருப்பட்டி கொடுப்பார்கள். சுயம்புக்கனிதான் நடத்தினாள், அமுதக்கனியின் அம்மா. வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் போய் நிற்பாள். ஒரு வருடம் காலுக்கு ரப்பர் பூட்சு வாங்கினாள். ஒரு வருடம் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். கும்பிடு! உழைத்துக் கொடுப்பவர்கள் இவர்கள், கும்பிடும் இவர்களேதான்.

நான் பஞ்சாலைச் சங்கத்திலிருந்து வந்தவன். அங்கே என்னை நீக்கினார்கள். அரைகுறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதற்காக நீக்கினார்கள். அதைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன், போகும்போது தருகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்புதான். மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. ஆனால் படித்ததை விடவில்லை. பட்டம் வாங்கியவர்கள் விட்டுவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் இன்றைய தேவை, வலப்பக்கம் நாளைய இலட்சியம். சொல்லுங்கள் என்றேன். இடப்பக்கம் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிட்டது. தண்ணீர். நிழல். கக்கூஸ். மறுபடியும் தண்ணீர். வலப்பக்கம் காலி. அரை மணி நேரம் நின்றேன், காலி. கடைசியில் சுயம்புக்கனி எழுந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கத்துலயும் தண்ணின்னே எழுதிருங்க. நாளைக்கும் தவிக்கத்தானே செய்யும்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. இடப்பக்கத்தைத் துடைத்து அழித்தேன். வலப்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'நிரந்தரப் பதிவேடு' என்று எழுதினேன்.

கம்பெனியில் அப்போது எவள் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. காலையில் வருவாள், வாருவாள், சுமப்பாள், போவாள். ஐப்பசியில் மழை விழுந்தால் அப்படி ஒரு ஆள் இருந்ததாகவே கம்பெனிக்குத் தெரியாது. பெயர் ஏறட்டும், சட்டம் தானாக வரும். சட்டம் வந்தால் தண்ணீர் வரும், நிழல் வரும், மழைக்கால நிவாரணம் வரும். ஒன்றைப் பிடித்தால் எல்லாம் வரும் என்றால் எதைப் பிடிக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். இதில் என்ன தப்பு இருக்கிறது? இன்றுவரை எனக்கு இதில் தப்பு காட்டியவன் இல்லை.

ஒரே வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். கொடி, விதிமுறை, வாரா வாரம் வகுப்பு. சுயம்புக்கனியைத் தலைவராக்கினேன், நான் பொதுச்செயலாளர். பலகையில் 'உதவி' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்தேன். நான் கையால் சுரண்டினேன், தெரியுமா? நகம் பெயர்ந்தது.

அப்போதுதான் மேனேஜர் ஜெபதாஸ் தொட்டி வைத்தார். நாங்கள் கேட்கவேயில்லை. கேட்காமலே ஒருநாள் காலையில் வரப்பு ஓரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, மேலே தகரக் கொட்டகை, நாலு குழாய். அந்த வார வகுப்புக்கு வந்தது முப்பத்தேழு பேர். மற்றவர்கள் தொட்டியடியில். வகுப்புக்கு வந்த ஒருத்தி என் முகத்தைப் பார்த்தே, "தண்ணி சில்லுன்னு இருக்கு அண்ணாச்சி, நீங்களும் ஒரு வாயி குடிச்சிப் பாக்கணும்" என்கிறாள். புரிகிறதா? சங்கத்தை உடைக்க அடியாள் தேவையில்லை. நாலு குழாய் போதும்.

சுயம்புக்கனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னாள்: "குடிச்சிக்கிட்டே கேப்போமே அண்ணாச்சி. வாயி நனைஞ்சா கோஷமும் நல்லா வரும்லா?"

வேடிக்கையாகப் பேசுவாள். அதுதான் அவளிடம் கெட்ட பழக்கம்.

நான் பதினாறு பக்கத்தில் ஒரு வெளியீடு எழுதினேன். 'சொட்டு நீரா, முழு உரிமையா?' ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி, 'தாகம் தீர்ந்தவன் திரும்பிப் படுத்துக்கொள்வான்.' நல்ல வரி. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் முப்பது. அறிக்கையைச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் விரித்தார்கள்.

அப்போதுதான் உப்புச் சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் திருட்டு, வாய்க்கால் தகராறு, புருஷன் பெண்சாதி சந்தேகம் எல்லாவற்றுக்கும் உப்பை அள்ளித்தான் சத்தியம். மீறினால் பிள்ளைகளைப் பிடிக்கும் என்பார்கள். நான் பகுத்தறிவுக்காரன். கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் மக்களிடம் இருக்கிற ஆயுதத்தைத்தான் தலைவன் எடுக்க முடியும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பு அம்பாரத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு கை உப்பு. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். பதிவேட்டில் கையெழுத்தாகும்வரை கம்பெனித் தண்ணீரைத் தொடமாட்டோம்.

சுயம்புக்கனி முதல் ஆள். கையில் உப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணாச்சி, இத வாங்குதவருதான் பொறவு கரைச்சு விடணும். வேற ஆளு கரைச்சாச் செல்லாது. யோசிச்சு வாங்குங்க."

"ஆகட்டும் தங்கச்சி" என்றேன். சடங்கு விவரம் எனக்கு எதற்கு?

மறுநாள் காலையில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேனேஜரே நாலு குழாயையும் திறந்துவிட்டு, "வாங்கம்மா, வாங்க" என்று நிற்கிறார். தண்ணீர் மண்ணில் ஓடுகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தலையில் உப்புப் பெட்டியோடு அதைத் தாண்டிப் போகிறார்கள். ஒருத்தி கழுத்தைத் திருப்பவில்லை. என் ஆயுளில் அதைவிட அழகான காட்சியைப் பார்த்ததில்லை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த வரிசைதான்.

சத்தியம் வாங்கியாயிற்று, ஆள் நிற்க வேண்டுமே. பாதிப் பேர் நாலு நாள் வருவார்கள், நாலு நாள் விறகுக்கு முள்ளு வெட்டப் போவார்கள். அதனால் கோரிக்கை மனுவில் நானே நான்காவது பிரிவைச் சேர்த்தேன். வைகாசி முதல் தேதியிலிருந்து ஒரு நாள்கூட விடாமல், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள் மட்டும் பதிவேட்டில் ஏறும். கம்பெனி வைத்த விதி அல்ல, கோயில்ராஜ். நான் வைத்தது. எங்கள் மக்களின் கட்டுப்பாட்டைக் காட்ட வைத்தேன். ஜெபதாஸ் மனுவைப் படித்துவிட்டு நான்காவது பிரிவில் மட்டும் அடிக்கோடு போட்டார். மதிக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

ஆனியில் சுயம்புக்கனிக்கு உடம்பு கெட்டது. ஊரில் ஆறு நாளுக்கு ஒருதரம் குழாய். வீட்டுக்கு நாலு குடம். அதில் ஆளுக்கு ஒரு கேன் எடுத்துக்கொண்டு அளத்துக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அது ரசம் மாதிரி கொதிக்கும். அவள் அதிலும் பாதியை மகளுக்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள். கால் வீங்கியது, முகம் வீங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: தினம் ஐந்து லிட்டர் தண்ணீர், வெயில் ஆகாது, ஒரு மாதம் ஓய்வு. சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"ஒண்ணுக்குப் போனா அடுப்புக் கங்கு மாதிரி எரியுது அண்ணாச்சி. நீங்க சொல்லுத அந்த நாளு வரும்போது எனக்கு ஒண்ணுக்கு வருமான்னு மொதல்ல பாக்கணும்."

அப்போதும் வேடிக்கை. வீட்டில் இரு என்று சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டில் இருந்தால் நூறு நாள் போய்விடும். பதிவேட்டில் தலைவர் பெயரே இல்லை என்றால் ஊர் சிரிக்கும். அவளுக்கும் அது தெரியும். பெயர் ஏறிவிட்டால் தனக்குப் பின்னால் மகளுக்கு அந்த இடம் கிடைக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதனால் தினமும் வந்தாள். அந்தச் சீட்டு என்னிடமே தங்கிவிட்டது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அடுத்த அறிக்கைக்குக் குறிப்பு எழுதினேன். எங்கேயோ இருக்கும்.

இப்போது சொல்லப்போவதை உங்கள் செயலாளரிடமும் சொல்லலாம். மறைக்க ஒன்றுமில்லை.

ஆடி ஏழாம் தேதி, எழுபதாவது நாள், ஜெபதாஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறி, மெத்தை நாற்காலி. நன்னாரி சர்பத் வந்தது, ஐஸ் போட்டு. குடித்தேன். ஏன் பார்க்கிறீர்கள்? சத்தியம் செய்தவர்கள் அவர்கள். நான் சத்தியம் வாங்கியவன். பேச்சுவார்த்தையில் நா வறண்டு உட்கார்ந்தால் எதிராளிக்குத்தான் லாபம்.

ஜெபதாஸ் ஒரு காகிதத்தை நீட்டினார். பதிவேட்டுக் கோரிக்கையைக் கம்பெனி ஏற்கிறது. நான்காவது பிரிவின்படி நூறாவது நாள் கையெழுத்து. அதுவரை வெளியே சொல்லக்கூடாது.

"தெரிஞ்சா பக்கத்து அளத்துக்காரங்க என்னை உயிரோட விடமாட்டாங்க, தலைவரே. உங்களுக்குள்ளயே வச்சுக்கிடுங்க" என்றார். தலைவரே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். முப்பத்தைந்து வருடம் பேசியதும் எழுதியதும் அந்த ஒரு தாளில். சத்தியத்தை அப்போதே எடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. எடுத்தால் என்ன நடக்கும்? மறுநாளே எல்லோரும் தொட்டியடிக்கு ஓடுவார்கள். உறுதி தளரும். இன்னும் முப்பது நாள்தானே. இலட்சியம் கைக்கு எட்டும்போது கயிற்றைத் தளர்த்துகிறவன் தலைவனா?

எண்பத்து நாலாவது நாள் சாயங்காலம், அவள் சங்கக் கொட்டகைக்கு வந்தாள். சேலை முந்தியில் இந்த முடிச்சு, சத்தியத்தன்று அள்ளிய உப்பு. கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். இந்தத் தம்ளராகக்கூட இருக்கும், அடியில் எழுத்து வெட்டியிருக்கிறதா பாருங்கள். சு.க. என்றா? அப்படியானால் இதுவேதான். அமுதக்கனி எதையும் சும்மா அனுப்ப மாட்டாள்.

பெஞ்சில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து எனக்கு முன்னால் வைத்தாள். தண்ணீர்த் தம்ளரையும் வைத்தாள், இப்போது நீங்கள் வைத்த மாதிரியே.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் வேண்டாம். எனக்கு மட்டும் கரைச்சு விடுங்க. யாருட்டயும் சொல்லமாட்டேன். மறைவா நின்னு குடிச்சிக்கிடுதேன். நாளு முடியட்டும், மறுபடி உப்ப அள்ளிச் சத்தியம் பண்ணுதேன், அம்பாரத்தையே அள்ளுதேன்."

நான் சொன்னேன், "தலைவரே ஒளிந்து குடித்தால் அது சங்கமா, தங்கச்சி?"

"அப்பம் தலைவரு வேற ஆளப் போடுங்க. நான் பெட்டி சொமக்கேன்."

"இன்றைய கஷ்டத்தைப் பார்க்காதே. நாளையைப் பார்."

"நாளையத்தான் பாக்கேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ஒண்ணுக்கு வரணும்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உதடு வெடித்திருந்தது, சிரித்ததும் ரத்தம் வந்தது. பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவு வகுப்பு எடுத்தும் கும்பிடு போகவில்லை. "ஒரு நிமிச வேலை அண்ணாச்சி" என்றாள். நீங்கள் சொன்ன அதே வார்த்தை.

அப்போது அந்தக் காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. மூச்சு விட்டால் சரசரக்கிறது. அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று மெதுவாக மூச்சு விட்டேன். யோசித்துப் பாருங்கள், ஒரு வார்த்தை சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள். சொல்ல வேண்டும் போல எனக்கும் இருந்தது. நானும் மனுஷன்தான். அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கம் எவனுக்கு வரும்?

கடைசியில் சொன்னேன். "சுயம்பு, நான் பகுத்தறிவுக்காரன். உப்பைக் கரைப்பது, மந்திரிப்பது இதெல்லாம் என் கையால் நடக்காது. உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் போய்க் குடி. யார் தடுக்கிறார்கள்?"

உப்பைத் திரும்ப முடிந்தாள். முடிகிறபோது நாலு கல் தரையில் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டாள். தம்ளர் தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள், அதையாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம். கரைக்கக் கொண்டுவந்ததைக் குடிக்கக்கூடாதாம். வாசலில் நின்ற வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றோராவது நாள் காலையில் பேச்சித்தாய் ஒரு காரியம் செய்திருக்கிறாள். சுயம்புவின் கேனை எடுத்துப் போய், யாரும் பார்க்காமல் தொட்டியில் பிடித்து, என் வீட்டுத் தண்ணி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சுயம்பு ஒரு வாய் வைத்தவுடனே துப்பிவிட்டாளாம். "பிளாஸ்டிக்கு வாடை அடிக்கி. இது தொட்டித் தண்ணி. ஏட்டி, எம்மவளுக்கு ஏன்ட்டி பாவம் சேக்க?" மீதியை வரப்பில் கவிழ்த்துவிட்டாள். பதினோரு மணிக்கு உப்புப் பெட்டியோடு பாத்தியில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குக் கீழே நிழலில்தான் போட்டிருக்கிறார்கள். வேறு நிழல் அங்கே ஏது? நாலு குழாய்க்கும் அடியில் கிடந்தாள். வாயில் ஊற்ற ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுவர சைக்கிளில் ஆள் போனான். அவன் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பேச்சித்தாய் தான் தொட்டியைத் தொட்டதால்தான் அவள் செத்தாள் என்று நம்பிவிட்டாள். என் காலடியில் வந்து கிடந்து அழுதாள். நான் மறுக்கவில்லை. கட்டுப்பாட்டுக்கு உதவுகிற நம்பிக்கையை ஏன் கெடுக்க வேண்டும்? அதனால்தான் இன்றைக்கும் அந்த நாற்பத்து மூன்று பேரில் அவள்தான் கெட்டி.

இப்போது கேளுங்கள், என் வாழ்நாள் உழைப்பு எப்படிப் போயிற்று என்று. அவள் செத்ததில் போகவில்லை. அதற்கு மறுநாள் போயிற்று.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இன்னும் ஒன்பதே நாள். யாரும் வேலையை விடாதீர்கள். ஐந்து பேர் கொண்ட குழு அடக்கத்துக்குப் போகட்டும், மலர் வளையம் வைக்கட்டும், மற்றவர்கள் பாத்தியில் இறங்குங்கள். இரங்கல் கூட்டம் நூற்றியோராவது நாள் பெரிதாக நடத்துவோம், நானே பேசுகிறேன். கேட்டார்களா? இருநூற்றுப் பதினோரு பேரும் போனார்கள். ஒருத்திகூட அளத்துக்குப் போகவில்லை. நூறு நாளில் தொண்ணூற்றோரு நாள் வந்தவர்கள், ஒரு பிணத்துக்காகத் தொண்ணூற்றிரண்டாம் நாள் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து அழுதார்கள். அழுதால் எழுந்து வருவாளா? அமுதக்கனிக்கு அப்போது பதினாலு வயது. அவளிடம்கூடச் சொன்னேன், "உன் அம்மா எதற்காகச் செத்தாளோ அதைக் கெடுக்கிறார்கள், நீ சொன்னால் கேட்பார்கள், எழுந்து போகச் சொல்." அந்தப் பெண் அம்மாவின் முந்தியிலிருந்து முடிச்சை வெட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை. துக்கத்தில்கூட மரியாதை வேண்டாமா?

நூறாவது நாள் போனேன். ஜெபதாஸ் அன்றைக்கும் சர்பத் வரவழைத்தார். மனுவை எடுத்தார், அடிக்கோடு போட்ட இடத்தை விரலால் காட்டினார். "ஒரு நாள்கூட விடாமல். நீங்க எழுதுனதுதானே தலைவரே? தொண்ணூத்திரெண்டாம் நாள் வருகை பூச்சியம். பதிவேட்டுல ஏத்த ஒரு பேரு இல்ல."

சட்டப்படி அவர் சொன்னது சரி. எழுத்தை மதிக்கிறவன் நான், என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரமே தொட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆவணி முடிவதற்குள் சங்கத்தைக் கூட்டி என்னையும் நீக்கினார்கள். தீர்மானத்தை வாசித்தது பேச்சித்தாயின் மருமகன். சத்தியத்தைக் கரைத்துவிட்டுப் போங்கள் என்று அன்றைக்கே கேட்டார்கள். பொறுப்பில் இல்லாதவன் எப்படிக் கரைப்பான் என்று வெளியேறினேன்.

இப்போது உங்கள் செயலாளர் நடத்துவது என்ன? ஒரு வருடம் பூட்சு, ஒரு வருடம் கண்ணாடி, ஒரு வருடம் கக்கூஸ், இப்போது தொட்டி. அம்மா விட்ட இடத்தில் மகள். அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்களாம். மழைக்கால நிவாரணமும் இந்த வருடம் வந்ததாமே? வரும். சில்லறையாக எல்லாம் வரும். வலப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தத் தொட்டிக்குச் சுயம்புக்கனி பெயராம். கம்பெனித் தண்ணீரைத் தொடாமல் செத்தவளின் பெயரைக் கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்கு வைக்க ஒரு மகளுக்கு எப்படி மனசு வந்தது?

ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருக்கிறார்கள், உங்கள் மனைவியா? பேச்சித்தாய் உங்கள் மாமியாரா? அப்படியானால் அன்றைக்குத் தீர்மானம் வாசித்தவன் உங்கள் சகலையா? சரி. சரி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறாது, ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

முடிச்சை இப்படிக் கொடுங்கள். கனக்கிறது. உள்ளே கட்டியாகிவிட்டது. சேலைத் துணி இற்றுப் போயிருக்கிறது, உப்பு அப்படியே இருக்கிறது பாருங்கள்.

என் பதில் இது. திருப்பிச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு சொல் மாறக்கூடாது. பதிவேட்டில் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆகையால் சத்தியம் அப்படியே இருக்கிறது.

சங்கத்தில் என் பெயரை எடுத்தீர்கள். என் விதிமுறையைக் கிழித்தீர்கள். அந்தப் பலகையில் 'உதவி' என்று திரும்பவும் எழுதிவிட்டீர்கள், போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். உங்கள் அறுநூறு பேரில் ஒரு சொல்லுக்காகத் தவித்த வாயோடு நிற்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாற்பத்து மூன்று. தினமும் காலையில் குழாயைத் தாண்டிக் கழுத்தைத் திருப்பாமல் போகிறார்களே, அதுதான் சங்கம். நான் கட்டியதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் கரைக்கச் சொல்லித் தம்ளரைக் கொண்டுவருகிறீர்கள்.

எழுந்துவிட்டீர்களா? இருங்கள், துண்டறிக்கை தருகிறேன் என்றேனே. வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாகக் கொண்டு போங்கள், ஒரு கல் சிந்தக்கூடாது.

தம்ளரை எடுக்காதீர்கள். இவ்வளவு நேரம் பேசியதில் தொண்டை காய்ந்துவிட்டது. இப்படித் தள்ளுங்கள்.

ம்.

அந்தத் தொட்டியில் பிடித்ததுதானே இது? வாடை ஒன்றும் அடிக்கவில்லையே.